பழைய வால்வுப் பெட்டி

பேசவும் கேட்கவும் ஒன்றாய் அமைந்த பழைய அமெச்சூர் ரேடியோப் பெட்டியைப் பென்னாகரத்தில் ஒருவர் வாங்கி வைத்தால், வீட்டார் முதலில் கேட்பது, "இதில் பாட்டு வருமா?" என்பதுதான். வராது! சுவிட்சைப் போட்டவுடன் பேசவும் முடியாது. வால்வுகளின் இழை சிவந்து சூடேறும் வரையில் காத்திருக்க வேண்டும். பிறகு குமிழ்களை மெல்லத் திருப்பி, மீட்டர் முள்ளைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்தத் தாமதத்தில்தான் ரஸமே இருக்கிறது என்பது நமது கட்சி.

ஆனால் இது விளையாட்டுச் சாமான் அல்ல. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அணைத்த பின்னும் கண்டென்ஸரில் தங்கும் மின்சாரம் உயிரை வாங்கக்கூடும். சர்க்கார் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெறாமல் ஒரு வார்த்தை கூட அனுப்பலாகாது.

சென்னைக்கு இந்தப் பித்து புதிதல்ல. ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ல் சென்னை மாகாண அமெச்சூர் ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ந் தேதி, 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஒரு சிறு மின்விளக்குக்குப் போதுமான சக்தி, அவ்வளவே! 1927-ல் பணமுடையால் கிளப் நின்றது. அதன் கருவியைப் பெற்ற நகரசபை 1930-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. சர்க்கார் நிலையம் சென்னைக்கு வந்ததோ 1938-ல்தான். பொழுதுபோக்குக்காரர்கள் 14 வருஷம் முந்திக்கொண்டார்கள்!

பென்னாகரத்து அன்பர் பகலில் 40 மீட்டர் அலையில் சென்னையைத் தேடட்டும். இருட்டிய பின் அதே அலை நெடுந்தூரம் தாவும். சென்னை மங்கி, அயல் தேசத்தார் குரல் கேட்கத் தொடங்கும்.