ஆறு மணி நேரத் தூக்கம் பழகிவிடுமா?

"ஆறு மணி நேரம் தூங்கினாலே எனக்குப் போதும், உடம்பு பழகிவிட்டது" என்று பலர் பெருமையாகவே சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆபத்து அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்ஜஸ் உள்ளிட்டோர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஆரோக்கியமான 48 பேர் ஆய்வகத்தில் தங்கவைக்கப்பட்டனர். சிலருக்கு இரவில் எட்டு மணி நேரத் தூக்கம், சிலருக்கு ஆறு, சிலருக்கு நான்கு. இப்படியே 14 நாள். இன்னொரு பிரிவினர் மூன்று நாள் தூங்கவே இல்லை. விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு தரம் சோதனை. அதில் ஒன்று மிக எளிமையானது. சிறு திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதே வேலை. அரை நொடிக்கு மேல் தாமதித்தால் கவனம் தப்பியதாகக் கணக்கு. அரை நொடிதானே என்று தோன்றும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பஸ் அதற்குள் எட்டு மீட்டர் போய்விடும்.

எட்டு மணி நேரம் தூங்கியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஆறு மணி நேரமும் நான்கு மணி நேரமும் தூங்கிய இரு பிரிவினருக்கும் கவனம் தப்புவது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. இரண்டு வார முடிவில், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு அவர்கள் வந்திருந்தார்கள். ஆனால், "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டபோது, அந்த அளவு முதல் சில நாள்கள் ஏறிவிட்டுப் பிறகு அதிகம் நகரவில்லை. களைப்பை உணர்வதுதான் மழுங்கியிருந்தது. தூக்கம் கெட்டவர் தன் நிலையைத் தானே எடைபோடுவதை நம்பவே கூடாது என்பேன்.

நினைவாற்றலுக்கு வருவோம். பகலில் படித்ததும் பார்த்ததும் முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பதிகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அங்குள்ள நரம்பணுக்கள் பகலில் இயங்கிய அதே வரிசையில் மறுபடி இயங்குவதை எலிகளிடம் நேரடியாகவே பதிவுசெய்திருக்கிறார்கள். இந்த மறு ஓட்டத்தின்போதுதான் நினைவுகள் மூளையின் புறணியில் நிலைபெறுகின்றன என்பது இன்றைய புரிதல். பரீட்சைக்கு முந்தைய இரவு பிளாஸ்க் நிறைய டீயோடு விடிய விடிய உட்காரும் பிள்ளை, படித்தது பதிவதற்கான நேரத்தையே இழக்கிறது. மூளையில் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் வேலை செய்யாதபடி டீயிலுள்ள கஃபீன் சற்று நேரம் தடுக்கும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைத் தூங்கச் சொல்ல வேண்டியது பெற்றோர்தான்.

தூக்கம் கெட்ட மறுநாள் சின்ன விஷயத்துக்கெல்லாம் படபடப்பு வருவதற்கும் காரணம் இருக்கிறது. 2007-இல் மேத்யூ வாக்கர் குழுவினர், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகக் கொந்தளித்தது. அதை அடக்கி வைக்கும், மூளையின் முன்புறணிப் பகுதியுடனான தொடர்பும் தளர்ந்திருந்தது.

உடற்பயிற்சி இங்கே உண்மையான துணை. பதற்றத்தைக் குறைக்கும், ஆழ்ந்த தூக்கத்துக்கும் உதவும். 2011-இல் கர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் முதியவர்கள் 120 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே சுருங்கியிருந்தது. வயதானால் மூளை சுருங்கும், ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டவர்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி!

ஆனால் நடைக்காகத் தூக்கத்தை வெட்டுவது வேண்டாம். பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டு, நடக்கப் போக நாலரைக்கு அலாரம் வைப்பவர்கள் நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாலையில் நடந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் கெடுவதில்லை. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கும் பயிற்சியைத் தவிர்த்தால் போதும். எட்டு மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் கண் சொக்குகிறது, இரவில் பலத்த குறட்டை என்றால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். அப்போது முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்.