60 ரூபாய் சீல், 1,500 ரூபாய் வேலை

சென்னையில் 1955 முதல் உருவாகிவந்த புல்லட்: 346 சிசி, காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக். ஊருக்கு நாலு வண்டியாவது இன்றும் ஓடுகிறது. அதில் கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசிந்தால், எண்ணெய் பின்செயினில் வழிந்து டயர்வரை தெறிக்கும். சீலை மாற்ற ஆகும் கணக்கு இது.

இருப்பு
பிரைமரி செயினும் கிளட்ச்சும் முழுகும் அறையில் சுமார் 420 மி.லி. எண்ணெய். 20 சொட்டு ஒரு மி.லி. என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு கசிவது மணிக்கு 3 மி.லி. தினம் 2 மணி நேரம் ஓட்டினால் மாதம் 180 மி.லி. காலி, மீதம் 240.

உழைப்பு
எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தில் 25 பல், கிளட்ச்சில் 56. எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது கிளட்ச் 1,250. ஒரு மணி நேரத்தில் 75,000 சுற்று. டாப் கியரில் நேரோட்டம் என்பதால் சீலின் உதடு உரசுவதும் இதே கணக்கில்தான்.

செலவு
விலை ஊருக்கு ஊர் மாறும். மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

- ஆயில் சீல்: 60
- வெளிக்கவர் ரப்பர்: 120
- லாக் வாஷர்கள்: 20
- ஆயில் 1 லிட்டர்: 400
- கூலி, 3 மணி நேரம் × 300: 900
- மொத்தம்: 1,500

சீலின் பங்கு 4 சதவீதம். கூலி 60 சதவீதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வெளிக்கவரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டுதான். அதற்குள்ளேதான் வேலை: ஆல்டர்னேட்டர் காயிலும் ரோட்டரும் கழன்று வர வேண்டும். பிரைமரி செயினுக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. எனவே எஞ்சின் பல்சக்கரம், செயின், கிளட்ச் மூன்றையும் ஒன்றாக வெளியே இழுக்க வேண்டும்.

இரட்டைச் செலவு
சீல் உரசும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலும் நிற்காது. ஷாஃப்ட்டின் கூர்மையான பற்கள் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய பாலித்தீன் சுற்றி, கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்குமாறு நேராக இறக்க வேண்டும். இதில் கோட்டை விட்டால் எண்ணெயையும் ரப்பரையும் திரும்பப் பயன்படுத்தினாலும் கூலி 900, சீல் 60, வாஷர் 20 என்று இன்னொரு 980.

முதலில் செய்ய வேண்டிய, காசில்லாத சோதனை
கவரைத் திறக்குமுன் பழைய எண்ணெயை வடித்து அளவுக் குவளையில் ஊற்றுங்கள். 420-க்குக் குறைவாக இருந்தால் கசிவு இந்த அறையிலிருந்து வெளியே போகிறது. கிளட்ச் சீல்மேல் சந்தேகப்படலாம். 420-ஐத் தாண்டினால், அதோடு எஞ்சின் ஆயிலும் குறைந்திருந்தால், கிராங்க் பக்கச் சீல் வழியே எஞ்சின் ஆயில் உள்ளே வந்து, நிரம்பி, வழிகிறது. அப்போது கிளட்ச் சீலை மட்டும் மாற்றினால் 1,500 ரூபாயும் வீண், கசிவு நிற்காது.

வாங்கிய லிட்டரில் 420 ஊற்றியபின் 580 மி.லி. மிஞ்சும். அது இன்னொரு முறை நிரப்பப் போதும். அதற்குமேலும் 160 கையில் இருக்கும். ஒரு மாதம் ஓட்டியபின் லெவல் ஸ்குரூவைத் திறந்து பாருங்கள். மிச்ச எண்ணெய்க்கு வேலை வராவிட்டால் செலவு செய்த பணம் செரித்தது.