பத்து மணிப் பழையது

"காலையில என்னடா சாப்பிட்டே?" என்று முதலாண்டில் நண்பன் கேட்டபோது "இட்லி" என்று பொய் சொன்னேன். சாப்பிட்டது பழையது. மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு இன்று அந்தப் பொய்யை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சைப் பக்கம் நடவுதான். என் அம்மாவைப் போன்ற நடவுப் பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள். 10 மணிவாக்கில் வரப்பேறித் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். உள்ளே பழையது, சின்ன வெங்காயம், தணலில் சுட்ட கருவாடு.

இதில் என்ன விசேஷம்? இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்பு, சோற்றைக் கெடுக்கும் கிருமிகளை அடக்கும். வெயிலில் குனிந்து நடுபவருக்கு வியர்வையில் நீரும் உப்பும் போகும். உப்புப் போட்ட நீராகாரம் அதை ஈடுகட்டும். சோறு சக்தி தரும், கருவாடு புரதம் தரும். எரிபொருளும் கூலன்ட்டும் ஒரே சட்டியில்!

ஸ்பெயினில் நெல் விளையும் வலென்சியா பகுதியிலும் வயல்காரர்கள் காலை வேலைக்கு நடுவே சுட்ட பன்றி இறைச்சியும் ரொட்டியும் சாப்பிடும் வழக்கம் உண்டு. அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நாம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது நடவு மிஷின் வந்து அம்மாவுக்கு வேலைநாள் குறைந்துவிட்டது. நாளை அந்த மிஷினை ரிப்பேர் பார்க்கப் போகிறவன் நான்தான். என்னைப் படிக்க வைத்ததோ அந்தத் தூக்குச்சட்டி.

நண்பர்களே, இனி யார் கேட்டாலும் "பழையதுதான்" என்று சத்தமாகவே சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள்!