பந்து நேராகப் போக மட்டை சாய வேண்டும்!

ஒருவர் கையில் நீண்ட மட்டை. காலடியில் சின்னஞ்சிறு வெள்ளைப் பந்து. ஓங்கி அடிக்கிறார். பந்து பறக்கிறது. ஆனால் நேராகப் போகவில்லை! வலப்பக்கம் வளைந்து, மரங்களுக்கு நடுவே மறைந்து விடுகிறது.

கோல்ப் ஆட்டம் பழகுகிற பலருக்கும் நேரும் தொல்லை இது. காரணம் என்ன?

மலை மேல் ஆட்டம்

பழனி மலைத் தொடரில், சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். அங்குள்ள கோல்ப் கிளப் 1895-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மொத்தம் 18 குழிகள். மேடும் பள்ளமுமான புல்வெளி. சில நேரம் காட்டு மாடுகளும் மேய வந்து விடும்.

ராட்டினமும் திரிகையும்

கிணற்று ராட்டினம் செங்குத்தாகச் சுற்றும். மாவு அரைக்கும் திரிகை படுக்கையாகச் சுற்றும். கோல்ப் மட்டை இந்த இரண்டுக்கும் நடுவே, சாய்வாகச் சுற்ற வேண்டும். ஏனென்றால், பந்து தரையில் கிடக்கிறது. ஆடுகிறவர் சற்றுத் தள்ளி, குனிந்து நிற்கிறார்.

அமெரிக்க வீரர் பென் ஹோகன் 1957-ல் எழுதிய புத்தகத்தில் இதை எளிதாக விளக்கினார். பந்திலிருந்து தோள் வரை ஒரு கண்ணாடிப் பலகை சாய்ந்து இருப்பதாக நினைத்துக் கொள்ளச் சொன்னார். 1949-ல் பஸ் மோதி, உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலையில் கிடந்தவர் அவர். 16 மாதங்களில் மீண்டு வந்து, அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார்!

ஒரு டிகிரி, பத்து அடி

மட்டையும் பந்தும் தொட்டுக்கொள்வது ஒரு நொடியில் 2 ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அப்போது மட்டையின் முகம் எங்கே பார்க்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பந்து கிளம்பும். திசை ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், 200 கஜ தூரத்தில் பந்து 10 அடி விலகி விடும்.

முகம் ஒரு பக்கம் பார்க்க, மட்டை வேறு பக்கம் வீசப்பட்டால், பந்து பம்பரம் போல் சுழன்று வளையும். வலப்பக்கம் போகிறதே என்று, பழகுகிறவர் மட்டையை இன்னும் இடப்பக்கமாக வீசுவார். முகமோ மாறுவதில்லை. அதனால் பந்து முன்னிலும் அதிகமாக வலப்பக்கம் வளையும்!

சரிவில் என்ன செய்வது?

மலைச் சரிவில் இன்னொரு சிக்கல். பந்து காலை விட மேட்டில் இருந்தால், ஆடுகிறவர் நிமிர்ந்து நிற்பார். மட்டை திரிகை போல் சுற்றும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். அவர் சற்று வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். பந்து பள்ளத்தில் இருந்தால், குனிய நேரும். மட்டை ராட்டினம் போல் சுற்றும். பந்து வலப்பக்கம் போகும். குறியைச் சற்று இடப்பக்கம் வைக்க வேண்டும்.

கொடைக்கானல் போனால், கோல்ப் ஆட்டத்தைச் சிறிது நேரம் வேடிக்கை பாருங்கள். மட்டையைப் பார்க்க வேண்டாம். ஆடுகிறவரின் கால் மேட்டில் இருக்கிறதா, பந்து மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பந்து எந்தப் பக்கம் போகும் என்று, அவர் அடிப்பதற்கு முன்பே உங்கள் பிள்ளைகள் சொல்லி விடுவார்கள்!