அந்தத் தாளின் நகல் உங்கள் கையில் இருக்கிறதா?

பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தால் முதல் நாளே பல தாள்களில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அட்மிஷன் படிவம், ஆபரேஷனுக்குச் சம்மதம், மயக்க மருந்துக்குச் சம்மதம், இன்சூரன்ஸ் தாள்கள். கூட வந்தவர் பதற்றத்தில் இருப்பார். எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினால் அங்கே போட்டுவிடுவார். சில சமயம் அந்தக் கட்டுக்குள் பல பக்கங்கள் கொண்ட இன்னொரு படிவமும் இருக்கும். புதிய மருந்து ஒன்றின் ஆய்வில், அதாவது கிளினிக்கல் டிரையலில், நோயாளியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் படிவம் அது. மற்ற தாள்கள் நோய்க்குச் சிகிச்சை தர அனுமதி கேட்கின்றன. இதுவோ, பலன் இன்னும் உறுதியாகாத ஒன்றை இந்த உடலில் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கிறது. இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து, சட்டத்தின் பார்வையில் சம்மதமே ஆகாது.

ஆய்வு என்றால் ஆபத்து என்று நினைத்து ஒதுங்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று டி.பி. வந்தவர் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் சென்னையில் நடந்த ஆய்வு. 1950-களின் நடுப்பகுதி வரை காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க மருத்துவம் சொன்ன வழி. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு இந்தியாவில் கட்டில்கள் போதவே போதா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் இங்கே ஒரு மையத்தைத் தொடங்கின. அதுவே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, காசநோய் சிகிச்சையின் போக்கை உலகெங்கும் மாற்றியது. அந்த ஏழைகள் சம்மதிக்காமல் போயிருந்தால் அது நடந்திருக்காது.

பலன் இல்லை என்று காட்டும் ஆய்வும் மக்களைக் காப்பாற்றுகிறது. கொரோனா காலத்தில் பிளாஸ்மா கொடுப்பவர்களைத் தேடிக் குடும்பங்கள் அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். 2020-இல் ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், பிளாஸ்மா நோய் முற்றுவதையும் குறைக்கவில்லை, இறப்பையும் குறைக்கவில்லை என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அது சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே ஆய்வு தேவைதான். ஆனால் ஆய்வின் நோக்கம் வேறு, சிகிச்சையின் நோக்கம் வேறு. சிகிச்சையில் டாக்டர் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆய்விலோ யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்பதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. பல ஆய்வுகளில் உங்களுக்கு எது கிடைத்தது என்று டாக்டருக்கே தெரியாது. முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம், மருந்தை உடல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் நோயாளிகளிடம் பலனைப் பார்ப்பார்கள். மருந்து விற்பனைக்கு வந்த பிறகு தொடரும் கண்காணிப்பு நான்காம் கட்டம். ‘எனக்காகப் புதுசா மருந்து வரவழைச்சிருக்காங்க’ என்று நோயாளி நம்பிக்கொண்டிருந்தால், அவருக்கு யாரோ சரியாகச் சொல்லவில்லை என்று பொருள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டு ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. கம்மத்தில் பலர் பழங்குடிச் சிறுமிகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசிதான் காரணம் என்பதை விசாரணை உறுதிசெய்யவில்லை. அந்தத் தடுப்பூசி நல்ல பலன் தருவதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது, நம் பெண் பிள்ளைகளுக்குப் போடத் தயங்க வேண்டாம். என்னை உறுத்துவது வேறொன்று. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பிள்ளை எதில் சேர்க்கப்பட்டாள் என்றே தெரியாத தாய், அவளுக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் என்ன கேட்பாள்?

மருந்து ஆய்வுகளில் நடக்கும் இப்படிப்பட்ட முறைகேடுகளை எதிர்த்து, இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2005 முதல் 2012 வரை புதிய மருந்துகளின் ஆய்வில் இருந்தவர்களில் 2,644 பேர் இறந்ததாகவும், அந்த இறப்புகளில் 80-க்கு மட்டுமே ஆய்வு காரணம் என்றும் அரசு அங்கே தெரிவித்தது. ஆய்வில் சேருபவர்களில் முற்றிய நோயாளிகள் பலர் உண்டு. எல்லா இறப்புக்கும் மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எது மருந்தால், எது நோயால் என்று முடிவு செய்தவர்கள் யார், குடும்பத்தாரைக் கேட்டார்களா என்ற கேள்விகள் அங்கிருந்துதான் வலுத்தன. இழப்பீட்டு விதிகளும், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் 2013-இல் வந்தன. 2019 மார்ச்சில் வந்த ‘புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல்கள் விதிகள்’ அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தின. நம் கையில் இருக்கும் சட்டம் இதுதான், மோசமான சட்டமல்ல. ஆய்வில் இருக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும்.

தெரிந்துகொள்ளும் வழி அந்தப் படிவத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு: தகவல் தாள், ஒப்புதல் படிவம். ஆய்வு எதற்கு, எவ்வளவு காலம், எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், என்னென்ன ஆபத்து, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, பாதிப்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் தகவல் தாளில் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கலாம். புதிய வேதிப்பொருள் கொண்ட மருந்துகளின் ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்க்கும்போது, விளக்கிச் சொல்வதையும் சம்மதம் வாங்குவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வுகளில் முகம் தெரியாமலிருக்கக் குரல் பதிவு மட்டும் போதும். குழந்தை என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் இசைவும் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், முகவரி எல்லாம் கேட்டிருக்கும். ‘இது எதுக்கு இப்போ’ என்று காலியாக விடுபவர்கள் உண்டு. விடாதீர்கள். அசம்பாவிதம் நடந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான பதிவு அது. நிரப்பிய படிவம், தகவல் தாள் இரண்டின் நகலையும் நோயாளியிடமோ உடன் இருப்பவரிடமோ கொடுத்தே ஆக வேண்டும். விதியிலேயே இருக்கிறது, கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நகல் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்தே போடக் கூடாது. அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்று அவசரப்படுத்தினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, தெரிந்த வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையான ஆய்வாளர் அதைத் தடுக்க மாட்டார்.

மாட்டேன் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கவோ குறைக்கவோ கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடலுக்குக் கேடு. சொல்லாமல் போய்விடாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டே விலகுங்கள்.

பாதிப்பு வந்தால்? ஆய்வின்போது வரும் எந்தப் பாதிப்புக்கும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரை அந்தப் பொறுப்பு ஆய்வை நடத்துபவர்களுடையது. கடுமையான பாதிப்பை ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்பான்சருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் விரிவான அறிக்கை, 30 நாட்களுக்குள் நெறிமுறைக் குழுவின் கருத்து, பிறகு வல்லுநர் குழுவின் ஆய்வு. மொத்தம் 90 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். இழப்பீடு உண்டு என்று உத்தரவானால் 30 நாட்களுக்குள் ஸ்பான்சர் பணத்தைக் கொடுக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, ஆய்வு விதியை மீறியது, இருக்கும் நல்ல சிகிச்சையைக் கொடுக்காமல் மாவு மாத்திரை கொடுத்தது, ஆய்வுக்காகச் செய்த ஊசியோ ஸ்கேனோ ஏற்படுத்திய கேடு, தாயோ தந்தையோ ஆய்வில் இருந்ததால் கருவிலிருக்கும் குழந்தைக்கு வந்த பாதிப்பு எல்லாமே இழப்பீட்டுக்கு உரியவை.

தொகைக்குச் சூத்திரம் உண்டு. எட்டு லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதுக்கும் நோயின் தீவிரத்துக்கும் ஏற்பக் கணக்கிடுகிறார்கள். இறப்புக்கு, 65 வயதைக் கடந்த, நோய் மிக முற்றியவருக்குச் சுமார் 4 லட்சம். ஆரோக்கியமான இளம் வயதினருக்கு 73 லட்சத்துக்கும் மேல். முப்பது நாட்களுக்குள் இறப்பு ஏறக்குறைய உறுதி என்ற நிலையில் சேர்க்கப்பட்டவருக்கு 2 லட்சம். ஒரே ஆய்வில் இறந்த முதியவருக்கும் இளைஞருக்கும் இடையே இவ்வளவு இடைவெளி எனக்கு ஒப்பவில்லை. ஆனால் தொகை இன்னதென்று தெரியாத குடும்பத்திடம், ‘இதை வாங்கிக்கொண்டு போங்க’ என்று யாராவது ஒரு கவரை நீட்டினால் ஏமாறாமலிருக்க இந்தக் கணக்கு உதவும்.

வேறு ஊரில் உடம்பு முடியாமல் போய்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஆய்வில் இருக்கும் விஷயத்தை அங்கே முதலில் சொல்லுங்கள். தகவல் தாளிலுள்ள எண்ணுக்கும் உடனே போன் செய்யுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரத்தப் பரிசோதனை முடிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இறப்பு நேர்ந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றே வீட்டார் நினைப்பார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் மருந்தா நோயா என்ற கேள்விக்கு அந்த அறிக்கையைவிட வலுவான ஆதாரம் பெரும்பாலும் கிடைக்காது.

பணத்துக்காக ஆய்வில் சேரும் ஆரோக்கியமானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விற்பனையிலுள்ள மருந்தின் மலிவான ஜெனரிக் வடிவம் ரத்தத்தில் அதே அளவு சேருகிறதா என்று பார்க்கும் ஆய்வுகளுக்கு, வேலையில்லாத இளைஞர்கள் இரண்டு மூன்று நாள் தங்கி ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரு மையத்திலிருந்து வந்த கையோடு இன்னொரு மையத்தில் பெயர் கொடுப்பது பெரும் ஆபத்து. முந்தைய மருந்து உடலில் மீதியிருக்கும், எடுத்த ரத்தம் ஊறியிருக்காது. தரகர் பணத்துக்கு அவசரப்படுவார், உங்கள் கல்லீரலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ‘பாதியில் போனால் ஒரு பைசா கிடையாது’ என்று மிரட்டுவதும் முறையல்ல. இருந்த நாட்களுக்கு ஏற்பப் பணம் தர வேண்டும்.

இதற்கு நேர்மாறான மோசடியும் நடக்கிறது: ஆய்வு என்ற பெயரில் நோயாளியிடமே பணம் பறிப்பது. ஆட்டிசம், தண்டுவடக் காயம், மூளை முடக்குவாதம் என்று தவிக்கும் பெற்றோரைக் குறிவைத்து ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கும் கிளினிக்குகள் உண்டு. ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கோ பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். நெறி. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான ஆய்வா என்று நீங்களே பார்க்கலாம். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். அங்கே அந்த மருத்துவமனையின் பெயர், டாக்டர் பெயர், அனுமதி தந்த நெறிமுறைக் குழு எல்லாம் இருக்க வேண்டும்.

புகார் என்றால் முதலில் அந்த நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், பொதுமக்களில் ஒருவர் கட்டாயம். தொடர்பு எண் தகவல் தாளில் இருக்கும். பதில் வராவிட்டால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதலாம். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள், தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட். புகாரின் நிலை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். டாக்டரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று நின்றுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு நேரிலும் போகலாம். போகும்போது ஒப்புதல் படிவத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் நகல் இல்லையென்றால், உங்களுக்கு நகல் தரப்படவில்லை என்பதையே முதல் புகாராக எழுதுங்கள்.