சாதன இயக்கி நிரல்களில் இழைகள் பகிரும் நினைவக இடையகம்: பாதுகாப்பு நெறிகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே நினைவக இடையகத்தைப் பல இழைகள் கையாளும்போது தோன்றும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் நெறிகளையும், லினக்ஸ் கருனியையும் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இழை, இடையகம், பூட்டு, குறுக்கீடு, நினைவக வரிசைமுறை.

முன்னுரை

சாதனத்திலிருந்து வரும் தரவு முதலில் இடையகத்தில் தங்குகிறது. அதனைக் குறுக்கீட்டுக் கையாளி நிரப்புகிறது. பயன்பாட்டு நிரலின் இழை எடுத்துச் செல்கிறது. இவ்விரண்டும் எந்த வரிசையில் இயங்கும் என்பதை நிரலாளர் முன்னறிய இயலாது. இடையகத்திலுள்ள உருப்படிகளின் எண்ணிக்கை 7 எனக் கொள்வோம். அதனை 1 கூட்டுதல் என்பது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என மூன்று படிகளாக நிகழலாம். இரு இழைகள் ஒருசேர 7 எனப் படித்தால், இரண்டும் 8 என எழுதும். 9 ஆகவேண்டிய எண்ணிக்கையில் ஒன்று தொலைந்துவிடும்.

பூட்டின் தேர்வு

மியூட்டெக்ஸ் பூட்டுக்காகக் காத்திருக்கும் இழை உறங்கலாம். குறுக்கீட்டுக் கையாளி உறங்கக்கூடாது. ஆகவே அங்கு ஸ்பின்லாக் எனும் சுழற்பூட்டே பொருந்தும். எனினும் ஓர் இழை சுழற்பூட்டை வைத்திருக்கும்போது அதே கருவகத்தில் குறுக்கீடு நிகழ்ந்து, கையாளியும் அப்பூட்டையே நாடினால், இழை தொடர்ந்து இயங்க வழியில்லை. கையாளியின் காத்திருப்பும் முடிவதில்லை. எனவே இழை பூட்டும்போது அக்கருவகத்தின் குறுக்கீடுகளையும் நிறுத்திவைத்தல் வேண்டும். பயனர் நினைவகத்திற்குத் தரவைப் படியெடுக்கும் செயல் உறக்கத்திற்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதால், அதனைச் சுழற்பூட்டிற்கு வெளியே செய்தல் வேண்டும்.

பூட்டில்லா வளைய இடையகம்

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்னும் நிலையில் லினக்ஸின் வளைய இடையகத்திற்குப் பூட்டு தேவையில்லை. எழுதுபவர் தலைக்குறியை மட்டும், படிப்பவர் வால்குறியை மட்டும் மாற்றுவர். ஆயினும், தரவு எழுதப்பட்ட பின்னரே தலைக்குறியின் மாற்றம் பிறருக்குப் புலப்படவேண்டும். படிப்பவரும் தலைக்குறியைப் பார்த்த பின்னரே தரவைப் படிக்கவேண்டும். இவ்வரிசையை நினைவகத் தடுப்புகள் உறுதிசெய்கின்றன.

எக்ஸ்86 செயலி, இயல்பான நினைவகத்தில் எழுத்துகளின் வரிசையைப் பிற கருவகங்களுக்கு மாற்றிக் காட்டுவதில்லை. ஆதலால் தடுப்பு விடுபட்ட பிழை அங்கு மறைந்திருக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பின் அடிப்படை நினைவக மாதிரி அவ்வரிசை மாற்றத்தை அனுமதிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி செயலி இக்கட்டமைப்பைச் சார்ந்தது. அதன் சில்லுகள் 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், பின்னர் சண்டிகர் ஆலையின் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் உருவாயின. எக்ஸ்86-இல் பிழையின்றி ஓடியது என்பது இத்தகைய கட்டமைப்புகளுக்குப் போதிய சான்றாகாது.

இடையகத்தின் ஆயுள்

சாதனம் கழற்றப்படும் வேளையில் ஓர் இழை இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுதல் தரவுப் பிழையோடு பாதுகாப்பு ஓட்டையாகவும் அமையும். ஒவ்வோர் இழையும் மேற்கோள் எண்ணிக்கையை ஏற்றி நுழைந்து, இறக்கி வெளியேற, கடைசியில் வெளியேறுவதே நினைவகத்தை விடுவித்தல் முறை. இடையகத்தைத் தேடிக் கண்டறிதலுக்கும் எண்ணிக்கையை ஏற்றுதலுக்கும் இடைப்பட்ட கணத்தையும் பூட்டு முதலான ஏற்பாட்டால் காத்தல் வேண்டும்.

முடிவுரை

இடையகத்தை யார் மாற்றலாம், மாற்றம் எவ்வரிசையில் புலப்படும், யார் இறுதியில் விடுவிப்பர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இயக்கி நிரலை எழுதத் தொடங்குதல் வேண்டும். சோதனையில் தோன்றாத பிழை, செயலி மாறும்போது தோன்றக்கூடும் என்பதால் இவ்விடைகளை நிரலிலேயே குறிப்பாகப் பதிதல் பயனுடையது.