ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒரு மணி நேரமும்

மஸ்கெலியாவைத் தாண்டி மலையேறும் பஸ்கள் போய் நிற்கும் ஊர் நல்லதண்ணி. பாவா ஆதம் மலை என்று நம் முன்னோர் அழைத்து வந்த சிவனொளிபாத மலைக்கு இந்தப் பக்கமாக ஏறுபவர்களுக்கு அதுதான் அடிவாரம். 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா ஏறிய மலை அது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடக்கும் யாத்திரைக் காலத்தில் இரவெல்லாம் ஆள் நடமாட்டம்; வழியெங்கும் தேநீர்க் கடைகள். குளிரில் நடுங்கியபடி இறங்கி வருகிறவருக்கு அந்தச் சூடான சாயத்தண்ணி அமிர்தமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

யாத்திரைக்காரர் வந்து போய்விடுவார். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பவர்கள் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள். அவர்கள் குடிக்கும் சாயத்தண்ணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விடியற்காலையில் லயத்தில் அடுப்பு மூட்டியதும் முதலில் கொதிப்பது சாயத்தண்ணி. அடுத்துக் கோதுமை மாவு ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல். காய்ந்த ரொட்டி தொண்டையில் இறங்க வேண்டுமே, அதற்கும் சாயத்தண்ணிதான். மலையில் வேலை நடுவே கிடைக்கும் இடைவேளையிலும் இதே கதை. இதைப் பழக்க தோஷம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. குளிருக்குச் சூடு, களைப்புக்குச் சர்க்கரை, பசியை இன்னும் சற்று நேரம் தாங்க ஒரு பிடிப்பு, இத்தனையும் இவ்வளவு குறைந்த செலவில் தரும் பொருள் வேறு எது? கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் ஒரு தாயின் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் தேயிலையின் துவர்ப்பு வயிற்றுக்குள் போனதும் உணவிலுள்ள இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட இரும்பு இரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியேறி விடுகிறது. தென் ஆபிரிக்க ஆய்வாளர்கள் 1975இலேயே ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் கொடுத்துப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். 1999இல் வெளியான இன்னோர் ஆய்வு, ரொட்டி உணவோடு குடித்த சாயத் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்ததாகக் கண்டது. பால் சேர்த்தால் தீங்கு போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம் அல்லவா? பால் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

இதைப் படித்ததும் தேயிலை டப்பாவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உடலில் இரும்பு போதிய அளவு சேமிப்பில் உள்ளவருக்குத் தேநீரால் குறிப்பிடத்தக்க கேடு வருவதில்லை. இறைச்சி, மீன், கருவாடு ஆகியவற்றில் உள்ள இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தொடுவதும் இல்லை. தலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்வதைத் தேநீரால் குறைக்க முடியுமா என்றுகூட 1979இல் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கெடுதல் செய்வதே இன்னொருவருக்கு உதவுகிறது! ஆனால் இரும்பை ரொட்டியிலிருந்தும் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் மட்டுமே பெற வேண்டிய ஒருத்தி, அதிலும் கர்ப்பிணி, சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத்தண்ணி குடிக்கும்போதுதான் இழப்பு கனக்கிறது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோகை கடுமையாகும்போது குழந்தை எடை குறைந்து பிறக்கும் அபாயம் கூடுகிறது. 2016ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் மட்டும் 31.7 சதவீதம். இதற்கெல்லாம் தேநீரே காரணம் என்று சொன்னால் அது அநியாயம். வருமானம், குடிநீர், கழிப்பறை, குடற்புழு என்று காரணங்கள் பல. கொக்கிப் புழு ஒன்றுக்காகவே 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. இருந்தாலும் கூலி உயரவும் குழாய் வரவும் காத்திருக்காமல், ஒரு காசு செலவின்றி இன்றே மாற்றக்கூடிய காரணம் தேநீர் குடிக்கும் நேரம்தான்.

2017இல் இங்கிலாந்தில் 12 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்தது. அதே தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது அந்தப் பாதிப்பு பெருமளவு விலகிவிட்டது. சிறிய ஆய்வுதான். அதில் கலந்துகொண்டவர்களும் சோகை இல்லாத பெண்கள். ஆனாலும் வழி தெளிவாகத் தெரிகிறது: சாயத்தண்ணியை விட வேண்டியதில்லை, சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

'ஓடு' என்னும் ஓர் உருபு

கவனித்துப் பாருங்கள். 'தேத்தண்ணி குடிக்காதே' என்பது ஓர் அறிவுரை. 'சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதே' என்பது முற்றிலும் வேறோர் அறிவுரை. முதலாவதை எந்தத் தோட்டத்துப் பெண்ணும் கேட்கப் போவதில்லை; கேட்கவும் முடியாது. இரண்டாவதைக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பது 'ஓடு' என்னும் சின்ன உருபு. சிங்களத்தில் அதையே 'எக்க' என்பார்கள். அரைகுறைத் தமிழில் பேச வேண்டிய ஒரு குடும்பநல மாதுக்கு முதலில் நழுவிப் போவது இந்த மாதிரிச் சிறு சொற்கள்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யார் தமிழ் கற்றுக் கொடுத்தார்கள்?

சட்டத்தில் குறையில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே என்றிருந்த நிலை மாறி, 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தில் அன்றிருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999இல் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. புதிதாகச் சேரும் அரச ஊழியர் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகப் பாடத்திட்டத்தில் உண்டு. பாடம் இருக்கிறது, அதை நடத்தும் ஆசிரியர்தான் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது: தோட்டத்துப் பிள்ளையே தாதியாகி, மருத்துவ மாதுவாகித் தன் ஊருக்குத் திரும்பி வருவது. தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். இந்த மலையின் பெயரைத் தாங்கி 1990களின் முற்பகுதியில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்கு ஆசிரியர் பலரைத் தந்திருக்கிறது. ஆனால் தாதிப் பயிற்சிக்குப் போக விரும்புகிறவர் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும் என்பதே விதியாக இருந்து வந்தது. தமிழ் மொழியில் அவற்றை உயர்தரம் வரை நடத்தும் தோட்டப்புறப் பள்ளிகள் குறைவு. வகுப்பறையில் இரசாயன ஆசிரியர் இல்லாத குறை, பல ஆண்டுகள் கழித்துக் கிளினிக்கில் தமிழ் பேசத் தெரிந்தவர் இல்லாத குறையாகத் தலைகாட்டுகிறது.

நம் வீட்டுச் சமையலறையில்

சகோதரிகளே, இது மலையகத்தோடு முடிகிற செய்தியல்ல. காலைப் பலகாரத்தோடு தேநீர், பகல் சோறு உண்டதும் தேநீர் என்று நம் வீடுகளிலும் வழக்கம்தான். நோன்பு திறந்தவுடன் கஞ்சியும் தேநீரும் ஒன்றாகவே இறங்குகின்றன. கர்ப்பிணியோ பூப்பெய்திய மகளோ வீட்டில் இருந்தால் தேநீரை ஒரு மணி நேரம் ஒத்திப் போடுங்கள். பருப்புக் கறியிலோ கீரையிலோ அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும். நெல்லிக்காய், கொய்யாப்பழமும் அப்படியே. சிறிது நெத்தலி சேர்த்தால் இன்னும் நல்லது.

கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வது மாதிரி. பாலோடும் வேண்டாம், கல்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம், அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. குமட்டல் இருந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றிக் கேளுங்கள். சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

மாத்திரைப் பட்டையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதைப் போட்டுக் கொடுக்கும் காகித உறையின் மேல் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. 'தேத்தண்ணியோட போட வேணாம், ஒரு மணி நேரம் போகட்டும்' என்று தோட்டத்துப் பேச்சிலேயே அதில் அச்சடித்துக் கொடுக்க அதிகம் செலவாகாது.